அப்பாவின் 24 மணி நேர சிறுநீர் டெஸ்டில் 5-எச்ஐஏஏ 41 வந்திருக்கிறது. தூக்கத்துக்குப் போடும் சப்ளிமெண்டால் இப்படி ஏறுமா?

காவேரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது, மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. கொஞ்ச மாதமாகவே லூஸ் மோஷன். சில நாள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஓட வேண்டியிருக்கிறது. இதோடு இன்னொன்று: சாயங்காலம் திடீரென்று முகமும் கழுத்தும் செவசெவ என்று ஆகிறது. காது மடலைத் தொட்டால் சுடுகிறது. அரை மணி, முக்கால் மணியில் தானாக அடங்கிவிடும். அம்மா முதலில் பிரஷர் என்று நினைத்து ஓடி ஓடிப் பார்த்தார். மெஷினில் அளவு சரியாகத்தான் இருந்தது.

வயிற்று டாக்டரிடம் இந்த இரண்டையும் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. 24 மணி நேர சிறுநீரில் 5-எச்ஐஏஏ பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 41.6 மி.கி. பக்கத்தில் நார்மல் 2 முதல் 8 வரை என்று போட்டிருக்கிறது. "கார்சினாய்டு என்று ஒரு கட்டி இருக்கலாம், சென்னையில் அதைக் காட்டும் காலியம் பெட் ஸ்கேன் எடுத்துவிடுவோம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

நேற்று அப்பாவின் மாத்திரை டப்பாவை ஒழுங்கு பண்ணும்போதுதான் கவனித்தேன். தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தபோது அப்பா தூக்கம் வரவில்லை என்று புலம்பியதைக் கேட்டு, ஒரு பெரிய வெள்ளை டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். முன்பக்கம் நிலா படம், "இயற்கையான ஆழ்ந்த உறக்கம்" என்று இங்கிலீஷில் பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் க்ரிஃபோனியா விதைச் சாறு, அதில் 5-எச்டிபி என்று இருக்கிறது. ஒரு கேப்ஸ்யூலில் 100 மி.கி. அப்பா ராத்திரி இரண்டு போடுகிறார். பெயர் டெஸ்ட் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று சந்தேகம் வந்தது. அதோடு ஒரு பி காம்ப்ளெக்ஸ் டப்பாவும் கொடுத்திருக்கிறான். அதை நாலு மணி காபியோடு போடுவார்.

டெஸ்டுக்கு முன்னால் லேப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் கூடாது என்று. அம்மா தக்காளி இல்லாமல் எலுமிச்சை ரசமும் மோர்க்குழம்புமாக ஓட்டினார். மாத்திரை பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. டாக்டர் "என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்" என்று கேட்டபோது சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் சொன்னோம். இதை மருந்து என்றே யாரும் நினைக்கவில்லை.

ஸ்கேனுக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் இதைச் சொன்னால் தப்பாக நினைப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நலம்விரும்பி72:

சகோதரி, இந்த மாதிரி விஷயத்தில் ஒரு நாள் கூட தள்ளிப்போடக் கூடாது. எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டார்கள், முற்றிப் போனது. வைட்டமின் மாத்திரையால் எல்லாம் கட்டி டெஸ்டு ஏறாது. உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ரீஏஜன்ட்:

நலம்விரும்பி சார், ஏறும். இந்த ஒரு சப்ளிமெண்ட் விஷயத்தில் நன்றாகவே ஏறும்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரி லேப் ஒன்றில் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் பல வருஷமாக இருக்கிறேன். இந்த சாம்பிள்கள் என் மேஜைக்குத்தான் வரும்.

முதலில் இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டியைப் பார்ப்பதில்லை. செரோடோனின் என்கிற பொருள் உடம்பில் உடைந்த பிறகு மிஞ்சுவதுதான் 5-எச்ஐஏஏ. அது சிறுநீரில் வெளியே போகும். நம் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. குடலில் அதைச் சுரக்கிற செல்களில் இருந்து கட்டி கிளம்பினால் உற்பத்தி தாறுமாறாகக் கூடும், சிறுநீரில் 5-எச்ஐஏஏவும் கூடும். டாக்டர் கேட்டது அதற்குத்தான். முகம் சிவத்தல், லூஸ் மோஷன் இரண்டும் சேர்ந்து வந்தால் இந்த டெஸ்ட் எழுதுவது முறையான வைத்தியம். அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இனி சப்ளிமெண்ட். சாப்பாட்டில் வரும் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் முதலில் 5-எச்டிபி ஆகும், பிறகு செரோடோனின் ஆகும், கடைசியில் 5-எச்ஐஏஏ ஆகும். முதல் படியில் ஒரு என்சைம் இருக்கிறது. வாய்க்கால் மதகு மாதிரி, எவ்வளவு விடலாம் என்று தீர்மானிப்பது அதுதான். நீங்கள் கிலோ கணக்கில் பருப்பு சாப்பிட்டாலும் அது தாராளமாகத் திறந்துவிடாது. ஆனால் அப்பா போடும் கேப்ஸ்யூல் மதகுக்குக் கீழே நேராக ஊற்றுகிறது. 5-எச்டிபியாகவே உள்ளே போகிறது, தடுக்க ஆள் இல்லை. க்ரிஃபோனியா என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் ஒரு கொடி. அதன் விதையில் இது இயற்கையாகவே நிறைய இருக்கிறது. அதனால் டப்பாவில் "இயற்கை" என்று போடுவதில் பொய் இல்லை. சிறுநீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 5-எச்டிபியின் மூலக்கூறு எடை சுமார் 220, 5-எச்ஐஏஏவினது 191. ராத்திரி போடும் 200 மி.கி. முழுவதும் மாறினால் 174 மி.கி. வரும். முழுவதும் அப்படி மாறாது. ஆனால் அதில் கால் பங்கு மாறினாலே உங்கள் 41ஐத் தாண்டிவிடும். நார்மல் மேல் எல்லை 8 மி.கி. என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாழைப்பழத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு இதைக் கேட்காமல் விட்ட அந்தத் தாளை எழுதியவரிடம் எனக்குக் கோபமே வருகிறது. பழத்தில் இருக்கும் செரோடோனின் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் சிம்ப்டம். இங்கேதான் உங்கள் கேஸ் சிக்கலாகிறது. 5-எச்டிபி தானே சிலருக்குக் குமட்டலும் லூஸ் மோஷனும் கொடுக்கும். முகச் சிவப்புக்கு அந்த பி காம்ப்ளெக்ஸ் டப்பாவை எடுத்துப் பாருங்கள். நயாசின் (வைட்டமின் பி3) என்று இருக்கிறதா, எத்தனை மி.கி.? நயாசின் 50 மி.கி. அளவிலேயே பலருக்கு முகமும் கழுத்தும் காதும் சிவந்து சுடும். போட்ட அரை மணிக்குள் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். நாலு மணி காபியோடு போடுகிறார், சாயங்காலம் சிவக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லேபிளில் அதே வைட்டமினின் இன்னொரு வடிவமான நிகோடினமைடு என்று இருந்தால் அது அப்படிச் செய்யாது. அப்படியானால் சிவப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு "அப்பாடா, மாத்திரைதான்" என்று ஸ்கேன் யோசனையையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சப்ளிமெண்ட் சாப்பிடுகிறவருக்கும் கட்டி வரலாம். இந்த ரிப்போர்ட் இப்போதைக்கு எதையும் நிரூபிக்கவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள். போட்டோ போதாது, டப்பாவே போகட்டும், லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். தப்பாக நினைக்கவே மாட்டார். நிறுத்திவிட்டு டெஸ்டை மறுபடி எடுக்கச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். சாப்பாட்டுக் கட்டுப்பாடு பொதுவாக 3 நாள். இந்த கேப்ஸ்யூலுக்கு ஒரு வாரம் விட்டால் தாராளம்.

தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ டாக்டர் எழுதிய மாத்திரை ஏதாவது அப்பா எடுக்கிறாரா? எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் வகை இருந்தால் இன்றே டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுங்கள். அதோடு 5-எச்டிபி சேர்வது ஆபத்து. அதற்காக டாக்டர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்த வேண்டியது தம்பி கொடுத்த டப்பாவை மட்டும்.

இருமல் மருந்தும் பாராசிட்டமாலும் கூட சில லேப் முறைகளில் இந்த அளவைக் குழப்பும். இருமல் மருந்தில் குவைஃபெனசின் இருக்கிறதா என்று பாருங்கள். லெவோடோபா, ஐசோனியசிட் போன்றவை எண்ணைக் கீழே இழுக்கும். அது இன்னும் மோசம், இருப்பதையே மறைத்துவிடும்.

பீளமேடு பிரஷர்:

ரீஏஜன்ட் சார் சொல்வது நூற்றுக்கு நூறு. எனக்கு நடந்தது வேறு கட்டி, வேறு டெஸ்ட், ஆனால் அதே கூத்து.

திடீர் திடீரென்று பிரஷர் 190க்குப் போகும், படபடப்பு, வேர்வை. அட்ரீனல் சுரப்பியில் ஃபியோக்ரோமோசைட்டோமா என்று ஒரு கட்டி இருக்கலாம் என்று 24 மணி நேர சிறுநீரில் அட்ரினலின், டோபமைன் வகையான கேட்டகாலமைன், அவை உடைந்து வரும் மெட்டநெஃப்ரின் எல்லாம் பார்த்தார்கள். டோபமைன் மட்டும் எங்கேயோ போய் நிற்கிறது. மற்றதெல்லாம் எல்லைக்குள். முதலில் பார்த்த டாக்டர் வயிறு ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். எண்டோக்ரைன் டாக்டர்தான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பார்க்கின்சன் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். "நாட்டு மருந்து?" என்றார். என் மனைவி பக்கத்தில் இருந்து "பால்ல பூனைக்காலி போட்டுக் குடிக்கிறாரு டாக்டர்" என்று போட்டு உடைத்தாள். எதற்குக் குடிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுவாளோ என்று எனக்கு வேறு பயம்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறதாம், பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற அதே மருந்து. காய்ந்த விதையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு. நான் போட்டது தினமும் ஒரு ஸ்பூன், 5 கிராம் என்று வைத்தால் 200 மி.கி.க்கு மேல் மருந்து. உடம்பில் அது டோபமைனாக மாறி சிறுநீரில் வந்திருக்கிறது. பொடியை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தேன், டோபமைன் இறங்கிவிட்டது. பிரஷருக்குக் காரணம் கடைசியில் தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் என் எடையும். அது தனிக் கதை.

டாக்டர் அப்போது இன்னும் சிலதைச் சொன்னார். மூக்கடைப்பு மாத்திரையில் வரும் சூடோஎஃபிட்ரின், ஜிம் பையன்கள் எடை குறைக்கப் போடும் பவுடரில் வரும் எஃபிட்ரா, சினெஃப்ரின் எல்லாம் இந்த டெஸ்டை ஏற்றும். பிரஷரையும் சேர்த்து ஏற்றும். அதாவது வியாதி மாதிரியும் காட்டும், டெஸ்டிலும் காட்டும். தங்கச்சி வீட்டுக் கதையும் அப்படித்தான் தெரிகிறது.

அதிமதுரம் பிரியை:

நாட்டு மருந்து என்றாலே எல்லாரும் ஏறி மிதிக்கிறீர்கள். பூனைக்காலி பரம்பரையாகச் சாப்பிடுவதுதான்.

ரீஏஜன்ட்:

அம்மா, யாரும் மிதிக்கவில்லை. பூனைக்காலி வேலை செய்கிறது, அதனால்தான் டெஸ்டில் தெரிகிறது. வேலையே செய்யாத பொடியாக இருந்தால் எங்களுக்குத் தலைவலி இல்லை. உங்கள் பெயரில் இருப்பதும் அப்படித்தான். அதிமதுரத்தை நாள்பட நிறையச் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பார்க்கிறவருக்கு, உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் அட்ரீனல் கட்டியோ என்று தோன்றும். டெஸ்ட் பண்ணினால் ஆல்டோஸ்டிரோனும் அதைத் தூண்டிவிடும் ரெனினும் இரண்டுமே அடிமட்டத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் அனுபவம் உள்ளவர் அதிமதுரம் பற்றித்தான் கேட்பார். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்லுவதைச் சொல்லவில்லை, தினமும் கஷாயமாகக் குடிப்பதைச் சொல்கிறேன்.

கூந்தல்கவலை:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு எடை ஏறி, முகம் உருண்டு, கார்டிசால் ஹார்மோன் அதிகமாகும் குஷிங் நோயா என்று சிறுநீரில் கார்டிசால் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முடி கொட்டுகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் பயோட்டின் 10 மி.கி. வாங்கிச் சாப்பிடுகிறேன். அதுவும் குழப்புமா?

ரீஏஜன்ட்:

குழப்பலாம், உங்கள் லேப் எந்த முறையில் பண்ணுகிறது என்பதைப் பொறுத்து. பல மெஷின்களில் பயோட்டினும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதைத்தான் பசையாக வைத்து டெஸ்ட் நடக்கிறது. வெளியிலிருந்து பயோட்டின் நிறைய வந்தால் பசை இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கார்டிசால் போன்ற சின்ன மூலக்கூறு டெஸ்டுகளில் இல்லாததை அதிகமாகக் காட்டும். தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச், கர்ப்பத்துக்குப் பார்க்கும் எச்சிஜி மாதிரி டெஸ்டுகளில் இருப்பதைக் குறைத்துக் காட்டும். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவுதான். நீங்கள் போடுவது 10,000 மைக்ரோகிராம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. இந்தப் பசை இல்லாமல் மூலக்கூறைப் பிரித்து எடை பார்க்கும் எல்சி-எம்எஸ் முறை என்றால் இந்தத் தொல்லை இல்லை. லேப்பில் கேளுங்கள். எப்படியானாலும் இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் சொல்லிவிடுங்கள். வெளியே பூசுகிற ஸ்டீராய்டு க்ரீம், இன்ஹேலர் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது பெரிய விஷயம்.

பேச்சு வந்ததால் இன்னொன்று. வைட்டமின் சி மாத்திரை நிறையப் போடுகிறவர்களுக்கு, சிறுநீரில் ரத்தம் இருந்தாலும் ஸ்ட்ரிப் டெஸ்டில் இல்லை என்று வரலாம். வலியில்லாமல் ரத்தம் போவது சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதல் அடையாளமாக இருக்கக்கூடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ரத்த அணு தெரிந்துவிடும். அதனால் ஸ்ட்ரிப்போடு நிறுத்தக் கூடாது.

காவேரிக்கரை:

ரீஏஜன்ட் சார், பீளமேடு அண்ணா, ரொம்ப நன்றி. பி காம்ப்ளெக்ஸ் டப்பாவைப் பார்த்தேன். நயாசின் 100 மி.கி., நிகோடினமைடு இல்லை. அப்பா மனச்சோர்வு மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. டாக்டரிடம் இரண்டு டப்பாவையும் கொண்டுபோனோம். லேபிளைப் படித்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இதை யாரும் சொல்லலையே" என்றார், கோபமாக இல்லை. இரண்டையும் நிறுத்திவிட்டு மறு டெஸ்ட், அது வரும்வரை ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த வகைக் கட்டிக்குப் பார்க்கும் க்ரோமோகிரானின் ஏ என்று ஒரு ரத்த டெஸ்டும் எழுதியிருக்கிறார். அப்பா நெஞ்செரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் தினமும் போடுவார். அதற்கு ஏதாவது உண்டா? சிறுநீர் சேர்க்க லேப்பில் கொடுக்கும் கேன் விஷயமும் சொல்லுங்கள். போன தடவை உள்ளே ஏதோ தண்ணீர் இருக்கிறது என்று அம்மா கீழே கொட்டப் போனார், நல்லவேளை நான் பார்த்தேன்.

ரீஏஜன்ட்:

பான்டோப்ரசோல் க்ரோமோகிரானின் ஏவை நன்றாகவே ஏற்றும், கட்டி இல்லாமலே. பொதுவாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் அந்த டெஸ்ட் எடுப்பார்கள். ஆனால் அது டாக்டர் எழுதிய மருந்து, நிறுத்தலாமா என்பதை அவரே சொல்லட்டும்.

கேனில் இருந்தது தண்ணீர் இல்லை, ஆசிட். 5-எச்ஐஏஏ கெடாமல் இருக்கப் போடுவது. கொட்டக் கூடாது, நேராக கேனுக்குள் சிறுநீர் கழிக்கவும் கூடாது, மேலே தெறிக்கும். மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் எழுந்து போவதும் உள்ளே வர வேண்டும். லூஸ் மோஷனோடு போகும்போது சிறுநீரைத் தவறவிடுவார்கள், அப்பாவிடம் அதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். கேன் ஃப்ரிட்ஜில் இருந்தால் நல்லது. அம்மா சம்மதித்தால்.

காவேரிக்கரை:

ரிப்போர்ட் வந்துவிட்டது. 5-எச்ஐஏஏ 5.3. கேனை ஃப்ரிட்ஜில் வைக்க அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஐஸ் பெட்டி வாங்கி கொல்லைப்புறத்தில் வைத்தோம்.

முகச் சிவப்பு நயாசினை நிறுத்திய பிறகு வரவே இல்லை. லூஸ் மோஷன் பாதிதான் குறைந்தது. மீதிக்கு அப்பாவின் மெட்ஃபார்மின் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியிருக்கிறார். அதற்கும் அடங்கவில்லை என்றால் கொலோனோஸ்கோபி என்று சொல்லியிருக்கிறார். பெட் ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம், சில மாதம் கழித்து 5-எச்ஐஏஏ இன்னொரு முறை பார்ப்போம் என்றார்.

தம்பிக்கு போன் பண்ணினேன். அடுத்த தடவை வரும்போது பாதாம் மட்டும் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். அதையாவது சாப்பிடலாமா சார்?

ரீஏஜன்ட்:

பாதாம் தாராளமாக. வால்நட் என்றால் டெஸ்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.